தண்ணீர் மீனின் கண் நிறத்தை மாற்றாது

கேள்வி: ஆன்லைனில் ஆல்பினோ ஃபுல் ரெட் கப்பி (சிவப்புக் கண்ணும் முழுச் சிவப்பு உடம்பும் கொண்ட சிறு அலங்கார மீன்) ஒரு ஜோடி 900 ரூபாய்க்கு வாங்கினேன். வந்த 12-ஆம் நாள் பெண் மீன் முப்பதுக்கும் மேற்பட்ட குட்டிகள் போட்டது. இப்போது அவற்றுக்கு இரண்டு மாதம். ஒன்றுகூடச் சிவப்பில்லை. எல்லாம் சாம்பல் உடம்பு, கறுப்புக் கண். ஆண் குட்டிகளின் வாலில் மட்டும் பல நிறப் புள்ளிகள். விற்றவரிடம் கேட்டால், "போர்வெல் தண்ணீர்தான் காரணம், ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள், நிறம் கூட்ட ஒரு தீனி அனுப்புகிறேன்" என்கிறார். நான் எங்கே தவறினேன்? இனி என்ன செய்வது? (ஒரு வாசகி, திருச்சி)

பதில்: நீங்கள் எங்கும் தவறவில்லை. உங்களுக்கு வந்தபோதே அந்தப் பெண் மீன் சினையாக இருந்தது, அவ்வளவுதான். கப்பிக்குச் சினைக்காலம் ஏறக்குறைய மூன்று முதல் நான்கு வாரம். உங்கள் வீட்டுக்கு வந்து 12 நாளில் குட்டி போட்டது என்றால் கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது.

போர்வெல் தண்ணீர் மீனைக் கொல்லலாம், சோர்வாக்கலாம், வாலைக் கிழிக்கலாம். சிவப்புக் கண்ணைக் கறுப்பாக்க எந்தத் தண்ணீராலும் முடியாது. ஆல்பினோ என்பது இரண்டு சீட்டும், அதாவது அதற்கான மரபணு இரு பக்கமிருந்தும், சேர்ந்தால்தான் விழும் பரிசு: தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. தாய் ஆல்பினோ, குட்டி சாம்பல் என்றால் தந்தை தன் சீட்டைத் தரவில்லை. தந்தை பார்வைக்குச் சாம்பலாக இருந்து உள்ளே ஒரு சீட்டை ஒளித்து வைத்திருந்தால்கூடக் குட்டிகளில் ஏறக்குறைய பாதியாவது சிவப்புக் கண்ணோடு பிறந்திருக்கும். முப்பதில் ஒன்றுகூட இல்லை என்பதால், பையில் கூடவே வந்த சிவப்பு மாப்பிள்ளைக்கும் இந்தக் குட்டிகளுக்கும் உறவே இல்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் அந்த விற்பனையாளருக்கு நான் அநியாயம் செய்தவன் ஆவேன். கப்பியில் 'சிவப்புக் கண்' என்று விற்கப்படுவது ஒரே வகை அல்ல. ஒன்று, எந்த வெளிச்சத்திலும் பளிச்சென்று சிவந்து தெரியும் உண்மையான ஆல்பினோ. இன்னொன்று லுட்டினோ, திராட்சை ரச நிறத்தில், நிழலில் பார்த்தால் கறுப்பென்றே தோன்றும் கண். இரண்டுக்கும் மரபணு வேறு வேறு. அதனால் ஒன்றையும் மற்றதையும் சேர்த்தால் பிறப்பதெல்லாம் சாம்பல் நிறக் குட்டிகள்! இரண்டு பெற்றோரும் சிவப்புக் கண். பிள்ளைகள் கறுப்புக் கண். விற்றவர் இரண்டையும் முன்பே ஒரே தொட்டியில் வைத்திருந்தால் இப்படி நேர்ந்திருக்கலாம். கைபேசி டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து இரண்டு மீன்களின் கண்களையும் அடுத்தடுத்துப் பாருங்கள். ஒன்று செக்கச்சிவப்பு, மற்றொன்று டார்ச் பட்டபின்தான் சிவக்கிறது என்றால் இதுதான் காரணம். அப்போது அவர் பொய்யர் அல்ல, தான் விற்கும் சரக்கையே அறியாதவர். 900 ரூபாய் கொடுத்த உங்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆனால் பெரும்பாலும் நடப்பது வேறு. இணையத்தில் கப்பி விற்பவர்களில் பலர் மீன் வளர்ப்பவர்களே அல்ல. சென்னை கொளத்தூர் போன்ற மொத்தச் சந்தைகளில் வாங்கி, பெயரும் படமும் ஒட்டி, பையில் ஆக்சிஜன் அடித்து அனுப்புகிறவர்கள். அங்கே ஆணும் பெண்ணும் பல வகைகளும் கலந்து நீந்துகின்றன. கப்பிப் பெண் ஒரு முறை சேர்ந்தால் போதும். விந்தணுவை உள்ளேயே சேமித்துவைத்து மாதக்கணக்கில் அடுத்தடுத்துக் குட்டி போடும். பருவம் வந்த பெண்ணை ஆண்கள் இருக்கும் தொட்டியிலிருந்து எடுத்து விற்கும்போது, அதன் வயிற்றில் யாருடைய வம்சம் இருக்கிறது என்பது விற்பவருக்கே தெரியாது. இதற்கு 'ஜோடி' என்று பெயர். காதல் பறவையா இது? கப்பிக்கு ஜோடி என்ற ஒன்று கிடையாது. இரண்டு தொட்டிகளிலிருந்து அள்ளிய இரண்டு மீன்கள், ஒரு பை, ஒரு விலை. அதோடு 'இறக்குமதி லைன்' என்ற சொல்லும் சேர்ந்தால் விலை இரட்டிப்பாகிறது. எந்த நாட்டிலிருந்து, எத்தனை தலைமுறைக்கு முன் வந்தது என்று கேட்டுப் பாருங்கள், உரையாடல் அங்கேயே நின்றுவிடும்.

இதைக் கேட்க ஆளில்லை. மீன்தொட்டிக் கடைகளுக்கென்று மத்திய அரசு 2017-இல் விதிகள் அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றுக்கொண்டது. பெட்டியைப் பிரிக்கும் வீடியோ அனுப்பினால் செத்த மீனுக்கு விற்பவர்கள் பணம் தருவார்கள். தவறான மீனுக்கு? மீன் உயிரோடு வந்து சேர்ந்தால் அவர்கள் கடமை முடிந்தது.

ஆர்.ஓ. தண்ணீர் யோசனையை இன்றே மறந்துவிடுங்கள். கப்பி உப்புச்சத்தும் கடினத்தன்மையும் உள்ள தண்ணீரை விரும்பும் மீன். ஆர்.ஓ. இயந்திரம் அந்தத் தாதுக்களைத்தான் வடிகட்டி எறிகிறது. முப்பது குட்டிகள் இரண்டு மாதம் தாண்டி நிற்கின்றன என்பதே உங்கள் போர்வெல் தண்ணீருக்கு நற்சான்று. வாரம் ஒரு முறை கால்பங்கு மாற்றுங்கள், போதும்.

'நிறம் கூட்டும் தீனி' விஷயத்தில் இன்னும் கவனம். கப்பியின் சிவப்புக்கான நிறமிகளில் ஒரு பகுதியை அது தானே உண்டாக்கிக்கொள்ளும், மறுபகுதியை உணவிலிருந்துதான் பெற வேண்டும். ஆகவே ஆர்ட்டீமியா (உப்புநீரில் வாழும் இறால்போன்ற சிற்றுயிர்), ஸ்பைருலினா (நீலப்பச்சைப் பாசி) கொடுத்தால் இருக்கிற சிவப்பு மெருகேறும் என்பது உண்மை. பெயர் அச்சிடாத பையில் வருவது வேறு கதை. சிலர் ஆண் ஹார்மோன் கலந்த தீனியைக் கொடுத்து விரல்நகம் அளவு மீனுக்கே நிறம் ஏற்றி விற்கிறார்கள். அப்படி வளர்ந்த மீன் மலடாகிப்போகலாம். பெண் மீன்களின் வாலிலும் ஆணுக்கு நிகரான நிறம் தெரிந்தால் சந்தேகப்படுங்கள்.

இனி செய்ய வேண்டியது. டார்ச் சோதனையில் இரண்டு கண்களும் ஒரே சிவப்பு என்றால் தாயைத் தூக்கி எறிய வேண்டாம். உங்கள் சிவப்பு ஆணோடு அது தனியாக இருக்கட்டும். அடுத்த ஈற்றிலும் பழைய ஆணின் குட்டிகள் கலந்து வரலாம், அதற்கடுத்ததிலும் வரலாம். ஆனால் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது: கண் நிறம் பிறந்த அன்றே தெரிந்துவிடும். சிவப்புக் கண்ணோடு பிறந்த குட்டி, இரண்டு பக்கமும் சீட்டு வாங்கிய குட்டி. அதன் தகப்பன் பெரும்பாலும் உங்கள் ஆண்தான். அவற்றை உடனே வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். ஆல்பினோ குட்டிக்குப் பார்வை மந்தம். சாம்பல் குட்டிகளோடு விட்டால் தீனியை அவை முந்திக்கொள்ளும், இது இளைத்துப்போகும். அன்றன்று முட்டையிலிருந்து வெளிவந்த ஆர்ட்டீமியாவைக் கொஞ்சம் கொஞ்சமாக நாளுக்கு மூன்று நான்கு முறை கொடுங்கள். பிளாஸ்டிக் பிரசவப் பெட்டி வேண்டாம், தாய் அதில் அடைபட்டு மிரள்கிறது. தொட்டியில் ஜாவா பாசி அடர்த்தியாக இருந்தால் குட்டிகள் ஒளிந்துகொள்ளும்.

மூன்றாவது வாரம் முதல் லென்ஸ் வைத்துப் பாருங்கள். வயிற்றடித் துடுப்பு விசிறிபோல் இருந்தால் பெண், ஒடுங்கிக் குச்சிபோல் நீளத் தொடங்கினால் ஆண். பெண்ணின் வயிற்றோரம் கரும்புள்ளி தேடச் சொல்வார்கள். ஆல்பினோவில் அந்தப் புள்ளி கறுப்பாக இராது, அதை நம்பினால் ஆண்களும் பெண்களும் கலந்துவிடும். துடுப்பை மட்டும் நம்புங்கள். ஆண்கள் தெரியத் தெரியப் பிரித்துவிடுங்கள். ஆண் வாடையே படாமல் வளர்ந்த அந்தப் பெண்கள்தான் உங்கள் வம்சத்தின் முதல் தாய்கள். கடையில் என்ன விலை கொடுத்தாலும் அதற்கு இணையானது கிடைப்பது அரிது.

சாம்பல் குட்டிகளைக் காவிரியிலோ ஏரியிலோ விடாதீர்கள். கப்பி தென் அமெரிக்க மீன், நம் நீர்நிலைக்குச் சொந்தமில்லை. மாடியில் மூடாத சிமெண்ட் தொட்டி இருந்தால் அதில் விடலாம், கொசுப்புழுவைத் தின்று தீர்த்துவிடும். மீதியைத் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது 'ஆல்பினோ குட்டி' என்று மட்டும் சொல்லாதீர்கள்.