சோலார் போட்டதும் பவர் ஃபேக்டர் விழுந்து, பில்லில் அபராதம்

பவர் ஃபேக்டர் (வாங்கும் மொத்த கேவிஏ-வில் உண்மையில் வேலை செய்யும் கிலோவாட்டின் பங்கு) பகலில் மட்டும் 0.7-க்கு விழுகிறது என்றால் பேனலிலோ இன்வெர்ட்டரிலோ பழுது இல்லை, கணக்கே அப்படித்தான். கேம்பஸ் லோடு 400 கிலோவாட், பவர் ஃபேக்டர் 0.97 என்று வையுங்கள். அதோடு சுமார் 100 கேவிஏஆர் ரியாக்டிவ் பவரும் (மோட்டார் போன்றவற்றின் காந்தப்புலத்துக்குப் போய்வரும், வேலை செய்யாத பவர்; கேவிஏஆர் அதன் அலகு) ஓடுகிறது. நண்பகலில் கூரை சோலார் 300 கிலோவாட் தந்தால் மின்வாரியத்திடம் வாங்குவது 100 கிலோவாட்தான். ஆனால் அந்த 100 கேவிஏஆரை சோலார் குறைக்காது, அப்படியே நிற்கும். மீட்டர் 0.71 காட்டாமல் என்ன செய்யும்?

ரியாக்டிவ் பவரை ஈடுகட்டும் கெப்பாசிட்டர் பேனல் இருந்தும் இப்படி என்றால், பெரும்பாலும் அதன் சி.டி.யை (கரண்டை அளக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) லோடை மட்டும் பார்க்கும் இடத்தில் மாட்டியிருக்கும். பேனலின் ரிலேக்கு (கெப்பாசிட்டர்களை ஆன், ஆஃப் செய்யும் கருவி) 0.97 தெரிகிறது, சும்மா இருந்துவிடுகிறது.

நல்ல வெயிலில் 12 மணிக்கு அந்த ரிலேயும் வாரியத்தின் ஹெச்டி (உயர் அழுத்த) மீட்டரும் காட்டுவதை ஒப்பிடுங்கள். வேறுபட்டால் சி.டி.யை மெயின் இன்கமருக்கு (வாரிய சப்ளை உள்ளே வரும் இடம்) மாற்றுங்கள். இரண்டும் குறைவு என்றால் கெப்பாசிட்டர் போதவில்லை, அல்லது ஃபியூஸ் போயிருக்கும்.

இன்வெர்ட்டரையே ரியாக்டிவ் பவர் தரவைக்கலாம். ஆனால் 100 கேவிஏ இன்வெர்ட்டரை 0.9 பவர் ஃபேக்டரில் ஓட்டினால் 90 கிலோவாட்டுக்கு மேல் வராது.

அப்புறம், லோடு ஓடும்போது சி.டி.யிலிருந்து ரிலேக்குப் போகும் செகண்டரி வயரைக் கழற்றவே கூடாது. ஷட்டவுன் எடுத்துச் செய்யுங்கள்.