கேள்வி நேரம்: ஒரே வெள்ளைச் சிறகு, மூன்று சிற்றினங்களா?

கேள்வி: ஐரோப்பாவில் காணப்படும் லெப்டிடியா என்னும் வெள்ளைப் பட்டாம்பூச்சிப் பேரினத்தில், பார்வைக்கு வேறுபாடே தெரியாதவற்றை மூன்று சிற்றினங்களாகப் பிரித்திருக்கிறார்கள் என்று படித்தேன். கண்ணால் பிரித்தறிய முடியாத ஒன்றைத் தனிச் சிற்றினம் என்பது வீண் பிடிவாதம் அல்லவா?
– கல்லூரி மாணவி, காரைக்குடி

பதில்: நம் கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு பெண் பட்டாம்பூச்சிக்குத் தெரிகிறது என்பதுதான் இந்த வழக்கின் சாரம். 1758இல் லின்னேயஸ் விவரித்த சினாபிஸ் என்னும் சிற்றினத்திலேயே இவை அனைத்தையும் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் அடக்கி வந்தார்கள். 1988இல் பிரான்சைச் சேர்ந்த ரெயால், கிழக்குப் பிரனீஸ் பகுதியில் பிடித்தவற்றின் இனப்பெருக்க உறுப்புகளை ஒப்பிட்டு, அங்கே இரண்டு வகைகள் பறப்பதாகக் காட்டினார். ஒரு வகையில் ஆணின் உறுப்பும், அதற்கு ஈடான பெண்ணின் நாளமும் மற்றதைவிட நீளமாக இருந்தன. அந்த வகைக்குப் பின்னர் அவர் பெயராலேயே ரியலி என்று பெயரிடப்பட்டது.

ஆனால், உறுப்பின் நீளம்தான் கலப்பைத் தடுக்கிறது என்று முடிவு கட்டிவிட முடியாது. ஆண், பெண்ணுக்கு நேர் எதிரே அமர்ந்து, சுருண்ட உறிஞ்சுகுழலை நீட்டித் தலையை இடமும் வலமுமாக ஆட்டி இறைஞ்சுகிறது. எதிரில் இருப்பது தன் வகையா, வேற்று வகையா என்று பார்ப்பதில்லை. சுவீடனில் நடந்த ஆய்வுகளில், தன் வகை ஆணுக்கு மட்டுமே பெண் வயிற்றை வளைத்து இசைவு தெரிவித்தது. மற்றதை எவ்வளவு நேரமானாலும் காக்க வைத்துவிட்டது. ஒரே இடத்தில் பறந்தும் கலக்காத இரண்டைத் தனித்தனிச் சிற்றினங்கள் என்பதில் பிடிவாதம் எதுவும் இல்லை.

வழக்கு சிக்கலானது 2011இல். டின்கா உள்ளிட்ட ஆய்வாளர்கள் டிஎன்ஏவையும் குரோமோசோம்களையும் சோதித்தபோது, ரியலி என்று அதுவரை குறித்து வந்ததற்குள்ளேயே இரண்டு பிரிவுகள் இருப்பது தெரிந்தது. ஸ்பெயின், தென் பிரான்ஸ், இத்தாலிப் பகுதிகளில் உள்ளது உண்மையான ரியலி. அயர்லாந்திலிருந்து கசகஸ்தான் வரை பரவியிருப்பது ஜுவெர்னிகா. 1946இல் அயர்லாந்துப் பட்டாம்பூச்சிக்குத் துணைச் சிற்றினமாக இடப்பட்டிருந்த பழைய பெயரே இதற்கு வந்து சேர்ந்தது. உறுப்பு அமைப்பில் ரியலியும் ஜுவெர்னிகாவும் ஒத்திருக்க, மரபணுவில் ரியலிக்கு நெருங்கிய உறவு சினாபிஸ்தான்! உறுப்பை மட்டும் நம்பியவர்களுக்கு இது பெரிய அடி.

அப்படியானால் குரோமோசோம் எண்ணிக்கையை நம்பலாமா என்றால், அதுவும் ஓரளவுக்குத்தான். சினாபிஸ் என்ற ஒரே சிற்றினத்துக்குள், ஸ்பெயினில் 106 ஆக உள்ள எண்ணிக்கை கிழக்கே போகப் போகக் குறைந்து, கசகஸ்தானில் 56 ஆகிறது. இந்த இரு கோடிகளிலிருந்தும் எடுத்துக் கலந்தபோது பிறந்தவை மலடாகவில்லை. எண்ணிக்கை வேறுபட்டாலே சிற்றினம் வேறு என்று விதி செய்தால், முதலில் சினாபிஸைத்தான் துண்டாட வேண்டியிருக்கும்.

என் கருத்தில், சினாபிஸை மற்ற இரண்டிலிருந்தும் பிரித்தது ஐயத்துக்கு இடமில்லாதது. ரியலியையும் ஜுவெர்னிகாவையும் பிரித்ததை நான் ஏற்கிறேன் என்றாலும், அதன் வலு சற்றுக் குறைவே. பெரும்பாலும் வெவ்வேறு நிலப்பரப்பில் வாழும் அவ்விரண்டிடையே, பெண்ணின் தேர்வை இயற்கையில் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் வாய்ப்பு அரிது.

கேள்வி: இந்தப் பிரிவினையால் நடைமுறைப் பயன் ஏதேனும் உண்டா?
– ஆசிரியர், பழனி

பதில்: உண்டு. அயர்லாந்தில் பரவலாகப் பறப்பது ஜுவெர்னிகா. சினாபிஸோ அங்கே பர்ரன் என்னும் சுண்ணாம்புப் பாறை நிலத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் ஒட்டியே வாழ்கிறது. இரண்டையும் ஒன்றாக எண்ணியிருந்த காலத்தில், நாடெங்கும் நிறைய இருக்கிறது என்ற கணக்குக்குள் இந்தச் சிறு கூட்டம் மறைந்தே கிடந்தது.