ஹைட்ரோஜெல்லின் ஆழத்தில் உள்ள செல்களுக்கு ஆக்சிஜன் கிடைக்கச் செய்வது எப்படி?

நான்கு மில்லிமீட்டர் தடிமனுள்ள ஜெலட்டின் ஜெல்லில் (பெருமளவு நீரைப் பிடித்துவைத்திருக்கும் ஹைட்ரோஜெல்லில் ஒரு வகை) செல்களைக் கலந்து வளர்ப்புத் தட்டில் வைத்தால், மேற்பரப்பை ஒட்டியவை நன்றாக இருக்கின்றன, அடியில் உள்ளவை சில நாட்களில் இறந்துவிடுகின்றன, நீர் பட்டால் ஆக்சிஜனைத் தரும் கால்சியம் பெராக்சைடு சேர்த்தால் இது தீருமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓரளவு தீரும். ஆனால் எதையும் சேர்ப்பதற்கு முன் ஒரு சிறிய கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பதே இத்துறையில் வேலை செய்பவன் என்ற முறையில் என் உறுதியான கருத்து.

ஜெல்தான் ஆக்சிஜனைத் தடுக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். ஜெல்லின் பெரும்பகுதி நீர் என்பதால், ஆக்சிஜன் அதற்குள் ஏறக்குறைய நீரில் விரவும் வேகத்திலேயே விரவுகிறது. உண்மையான சிக்கல், ஆக்சிஜன் நீரில் மிகக் குறைவாகவே கரைகிறது என்பதுதான். காற்றுடன் சமநிலையில் இருக்கும் வளர்ப்பு ஊடகத்தில் (செல்களுக்கு உணவளிக்கும் திரவம்), 37 டிகிரி வெப்பத்தில், சுமார் 0.2 மில்லிமோலார் (லிட்டருக்கு 0.2 மில்லிமோல்) ஆக்சிஜன் மட்டுமே இருக்கும். அதே ஊடகத்தில் குளுக்கோஸ் 5.5 முதல் 25 மில்லிமோலார் வரை இருக்கிறது. எனவே முதலில் தீர்ந்துபோவது ஆக்சிஜன்தான்.

ஒரு மில்லிலிட்டருக்கு 1 கோடி செல்கள், ஒவ்வொன்றும் நொடிக்கு 30 அட்டோமோல் (ஒரு அட்டோமோல் என்பது மோலில் 10^18இல் ஒரு பங்கு) ஆக்சிஜனைப் பயன்படுத்துகின்றன என்று வைத்துக்கொள்வோம். கல்லீரல் செல்களுக்கு இதைவிடப் பல மடங்கு தேவை, குருத்தெலும்பு செல்களுக்குக் குறைவு. இது ஒரு நடுத்தர மதிப்பு. ஜெல்லில் முதலிலேயே கரைந்திருக்கும் ஆக்சிஜன் இந்த வேகத்தில் 11 நிமிடங்களில் தீர்ந்துவிடும். அதன்பின் எல்லாமே மேலிருந்து விரவி வந்தாக வேண்டும். மேற்பரப்பில் 0.2 மில்லிமோலார் எப்போதும் இருந்தால், ஆக்சிஜன் ஏறக்குறைய 1.8 மில்லிமீட்டர் ஆழம் வரை எட்டும். செல்களைப் பத்து மடங்காக்கினால் ஆழம் 0.6 மில்லிமீட்டராகச் சுருங்கும். நூறு மடங்காக்கி உடல் திசுவின் அடர்த்தியை நெருங்கினால் 0.2 மில்லிமீட்டருக்கும் கீழே போய்விடும். உடலில் பெரும்பாலான செல்கள் ஏதாவது ஒரு இரத்த நுண்குழாயிலிருந்து 100 முதல் 200 மைக்ரோமீட்டர் தொலைவுக்குள் இருப்பதற்கும் இதுவே காரணம்.

பலர் கவனிக்காத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ஜெல்லின் மேல் ஊற்றியிருக்கும் ஊடகமும் ஆக்சிஜன் கடந்து வர வேண்டிய தொலைவுதான். அந்த ஊடகம் 3 மில்லிமீட்டர் உயரத்தில் துளியும் அசையாமல் நிற்பதாகக் கொண்டு அதே கணக்கைப் போட்டால், 1.8 மில்லிமீட்டர் என்ற ஆழம் 0.5 மில்லிமீட்டராகக் குறைகிறது. ஆகவே தட்டை மெதுவாக ஆட்டும் மேடையில் வைப்பது, ஊடகத்தின் உயரத்தைக் குறைப்பது, அடிப்பக்கம் வாயுவை ஊடுருவ விடும் சவ்வு கொண்ட தட்டைப் பயன்படுத்துவது ஆகியவற்றை முதலில் செய்யுங்கள். வேதிப்பொருள் எதுவும் சேர்க்காமலேயே நிலைமை கணிசமாக மாறும்.

இப்போது கால்சியம் பெராக்சைடுக்கு வருகிறேன். அது நீருடன் வினைபுரிந்து ஹைட்ரஜன் பெராக்சைடைத் தருகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு சிதைந்து ஆக்சிஜனாகிறது. மேலே சொன்ன செல் அடர்த்தியில் ஒரு நாள் தேவை முழுவதையும் இதிலிருந்தே பெற வேண்டுமானால், ஒரு மில்லிலிட்டர் ஜெல்லுக்குச் சுமார் 3.7 மில்லிகிராம் செலவாகும். ஒரு வாரத்திற்கு 26 மில்லிகிராம். பத்து மடங்கு செல்கள் என்றால் வாரத்திற்கு 260 மில்லிகிராம், அதாவது ஜெல்லின் எடையில் கால் பங்கு. அது நடைமுறைக்கு ஒவ்வாது. இடையில் உருவாகும் ஹைட்ரஜன் பெராக்சைடு செல்களைக் கொல்லக்கூடியது, உடன் உருவாகும் கால்சியம் ஹைட்ராக்சைடு காரத்தன்மையை உயர்த்தும். இதனால்தான் பெராக்சைடை நீரை விலக்கும் பாலிமருக்குள் பொதிந்து வினையை மெதுவாக்குகிறார்கள், ஹைட்ரஜன் பெராக்சைடை விரைவாகச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதியையும் சேர்க்கிறார்கள். வெறும் தூளாகக் கலக்க வேண்டாம் என்றே உங்களைக் கேட்டுக்கொள்வேன்.

இன்னொரு வழியாகச் சொல்லப்படும் பெர்ஃபுளூரோகார்பன் திரவங்கள் (கார்பனும் ஃபுளூரினும் சேர்ந்த சேர்மங்கள்) ஆக்சிஜனை நீரைவிட இருபது மடங்கு வரை கரைத்துக்கொள்ளும் என்றாலும், அவை ஆக்சிஜனை உற்பத்தி செய்வதில்லை. ஜெல்லின் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு அவற்றைக் கலந்தால், 11 நிமிடக் கையிருப்பு அரை மணி நேரமாகும், அவ்வளவுதான். ஆக்சிஜன் ஜெல்லைக் கடந்து செல்வதை எளிதாக்குவதே அவற்றின் உண்மையான பயன்.

தடிமனான, செல்கள் அடர்ந்த திசுவே இலக்கு என்றால், குழாய் வழிகளைத் தவிர வேறு நிலையான தீர்வு எனக்குத் தெரிந்து இல்லை. சர்க்கரைக் கண்ணாடியாலோ (கண்ணாடிபோல் உறைந்த சர்க்கரை) ஜெலட்டினாலோ இழைகளை அச்சிட்டு, அவற்றைச் சுற்றி வேறொரு ஜெல்லை உறையவைத்து, பிறகு இழைகளைக் கரைத்தோ உருக்கியோ வெளியேற்றினால், ஊடகம் பாயக்கூடிய வழிகள் கிடைக்கும். ஆனால் தமனி இரத்தம் ஹீமோகுளோபினின் உதவியால் லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிமோல் ஆக்சிஜனைச் சுமக்கும்போது ஊடகம் சுமப்பது வெறும் 0.2 மில்லிமோல்தான். அந்தக் குறையை வேகமாகப் பாய்ச்சி ஈடுகட்ட முயன்றால், வழிகளின் சுவரில் உள்ள செல்கள் உராய்வு விசையால் பாதிக்கப்படும். உடலில் பொருத்தப்படும் ஜெல்லுக்குள் புதிய இரத்தக்குழாய்கள் வளரப் பல நாட்கள், சில சமயம் வாரங்கள் ஆகும். அந்த இடைவெளியை நிரப்புவதே பெராக்சைடுக்குப் பொருத்தமான வேலை.

எல்லாச் செல்களுக்கும் நிறைய ஆக்சிஜன் வேண்டும் என்பதும் இல்லை. இரத்தக்குழாய்களே இல்லாத குருத்தெலும்பின் செல்கள் குறைந்த ஆக்சிஜனில்தான் இயல்பாக வாழ்கின்றன. மேலும், ஆக்சிஜன் குறையும்போது செல்கள் இரத்தக்குழாய் வளர்ச்சியைத் தூண்டும் புரதங்களைச் சுரக்கின்றன. ஆக்சிஜன் அளவைச் செல்கள் உணரும் இந்த வழிமுறையைக் கண்டறிந்ததற்கே 2019ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆக்சிஜனை அளவின்றிக் கொட்டினால் அந்தச் சமிக்ஞை அடங்கிவிடும்.

முதலில் உங்கள் ஜெல்லைச் செங்குத்தாக வெட்டி, உயிருள்ளவை பச்சையாகவும் இறந்தவை சிவப்பாகவும் ஒளிரும் சாயங்களை இட்டு, பச்சை எந்த ஆழத்தில் முடிகிறது என்று நுண்ணோக்கியில் அளந்து பாருங்கள். அது அரை மில்லிமீட்டரை ஒட்டி இருந்தால் ஊடகத்தை அசைத்துவிட்டு மீண்டும் அளக்கவும். அசைத்தும் 2 மில்லிமீட்டரைத் தாண்டாவிட்டால் செல் அடர்த்தியையோ தடிமனையோ குறைக்க முடியுமா என்று பாருங்கள், முடியாதபோது மட்டும் பொதிந்த பெராக்சைடுக்குச் செல்லுங்கள்.