ஒரே ஒரு சிங்கிளை வைத்து முழு ஆல்பத்தின் சத்தத்தைக் கணிக்க முடியுமா?

கேள்வி: டர்பன், சாட்ஸ்வர்த்திலிருந்து கேட்கிறேன். எங்களுக்குப் பிடித்த ஹார்ட் ராக் குழுவின் புது ஆல்பம் அடுத்த மாதம் வருகிறது. ஒரு சிங்கிள், அதாவது ஆல்பத்துக்கு முன் தனியாக விடும் பாட்டு, வெளியாகிவிட்டது. நண்பர்களில் ஒருவன் "முன்னைவிட ஹெவி" என்கிறான், இன்னொருவன் "பழைய சத்தமே போச்சு" என்கிறான். போனில் ஒரு மாதிரி கேட்கிறது, காரில் வேறு மாதிரி. ஆல்பம் எப்படி ஒலிக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா?

பதில்:

பாட்டுகள் நன்றாக இருக்குமா என்றால் ஜோசியரிடம்தான் போக வேண்டும். சத்தத்தை மட்டும் ஓரளவு சரியாகவே கணிக்கலாம். அதற்குச் சிங்கிளை நூறு முறை ஓடவிடுவதைவிட, அதைச் செய்தவர்கள் யார் என்று பார்ப்பது மேல்.

தயாரிப்பாளர், மிக்ஸிங் செய்தவர் (தனித்தனியாகப் பதிவான வாத்தியங்களையும் குரலையும் ஒன்றாகக் கலப்பவர்), மாஸ்டரிங் செய்தவர் (கலந்த பாட்டின் உரப்பையும் தொனியையும் கடைசியாகச் சரிசெய்பவர்) என்று மூன்று பெயர்கள் வேண்டும். செயலிகளில் இருக்கும் கிரெடிட்ஸ் பக்கம் பல நேரம் தயாரிப்பாளரோடு நின்றுவிடும். மற்ற இருவரையும் குழுவின் அறிவிப்பிலோ யூடியூப் வீடியோவின் கீழுள்ள குறிப்பிலோ தேடுங்கள். ஏசி/டிசியின் 'பிளாக் ஐஸ்' (2008), 'ராக் ஆர் பஸ்ட்' (2014), 'பவர் அப்' (2020) மூன்றுக்கும் தயாரிப்பு பிரெண்டன் ஓ'பிரையன், மிக்ஸிங் மைக் ஃப்ரேசர். நடுவில் மால்கம் யங் உடல்நலம் கெட்டு விலக, ஸ்டீவி யங் வந்தார். ரிதம் கிதாரை வாசிப்பவரே மாறியும், மூன்று ஆல்பங்களும் அண்ணன் தம்பிகள் மாதிரிதான் ஒலிக்கின்றன.

எதிர் உதாரணம் நம் தென்னாப்பிரிக்காவிலேயே இருக்கிறது. 1999இல் பிரிட்டோரியாவில் 'சாரன் கேஸ்' என்ற பெயரில் தொடங்கிய சீதர் குழு, 2011, 2014 ஆல்பங்களை அதே ஓ'பிரையனிடம் செய்தது. 2017இல் வந்த 'பாய்சன் த பாரிஷ்' ஆல்பத்தைப் பாடகர் ஷான் மார்கனே தயாரித்தார். கிதார் சட்டென்று தடித்துவிட்டது. தயாரிப்பாளர் மாறியதைக் கவனித்தவர்களுக்கு அது ஆச்சரியமாக இருந்திருக்காது. "இதுவரை நாங்கள் செய்ததிலேயே ஹெவியான ஆல்பம்", "எங்கள் வேர்களுக்குத் திரும்பியிருக்கிறோம்" போன்ற பேட்டிகளைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். எல்லாக் குழுவும் எல்லா ஆல்பத்துக்கும் சொல்லும் வாய்ப்பாடு அது.

"ஹெவி" என்ற சண்டைக்கு வருவோம். அந்தச் சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று ட்யூனிங், அதாவது கிதார் கம்பிகளின் சுருதி. மற்றொன்று கம்ப்ரெஷன், அதாவது சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை நசுக்குவது.

ட்யூனிங்கை நீங்களே அளக்கலாம். சாதாரண ட்யூனிங்கில் கிதாரின் தடித்த கம்பி ஈ (E) ஸ்வரம், அதாவது சுமார் 82 ஹெர்ட்ஸ். அந்தக் கம்பியை டி (D) ஸ்வரத்துக்கு இறக்கும் டிராப் டி என்றால் 73, சி (C) வரை இறக்கும் டிராப் சி என்றால் 65. போனில் ஏதாவது ஒரு ட்யூனர் செயலியைத் திறந்து, உள்ளங்கையால் கம்பியை அமுக்கி ஒற்றை ஸ்வரத்தில் 'ஜக் ஜக்' என்று ஓடும் இடம் வரும்போது போனை ஸ்பீக்கர் அருகே வையுங்கள். இரண்டு மூன்று கம்பிகளைச் சேர்த்து அடிக்கும் முழு பவர் கார்டைக் காட்டினால் ஐந்தாம் ஸ்வரமோ மேல் ஸ்தாயியோ திரையில் வந்து ஏமாற்றும். டிரம்ஸ் சேர்ந்து அடிக்கும் இடத்தில் முள் நிலைகொள்ளாது, அதனால் பாட்டின் தொடக்கத்தில் கிதார் மட்டும் ஒலிக்கும் நொடிகளைப் பிடியுங்கள். பழைய ஆல்பம் ஈயில் இருந்து புதுச் சிங்கிள் சியில் இருந்தால் முதல் நண்பன் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் ஒரு பாட்டின் ட்யூனிங் ஆல்பம் முழுக்க இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மெட்டாலிகாவின் 1991 ஆல்பத்தில் முதல் சிங்கிள் 'என்டர் சாண்ட்மேன்' சாதாரண ஈ ட்யூனிங்தான். அடுத்து வரும் 'சாட் பட் ட்ரூ' முழு ஒரு ஸ்வரம் இறங்கி டியில் இருக்கிறது. அந்தச் சிங்கிளை மட்டும் கேட்டவருக்கு இதை ஊகிக்க வழியே இல்லை.

கம்ப்ரெஷன்தான் ரசிகர்கள் அதிகம் ஏமாறும் இடம். மாஸ்டரிங்கில் மெதுவான பகுதிகளைத் தூக்கி, உரத்த பகுதிகளை வெட்டி, எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவருகிறார்கள். முதல் முறை கேட்கும்போது மிரட்டலாக இருக்கும். நான்காவது பாட்டுக்குள் காது சோர்ந்துவிடும், ஸ்நேர் டிரம் 'டப்' என்று அடிக்காமல் அட்டைப்பெட்டியைத் தட்டியது போல மழுங்கும். மெட்டாலிகாவின் 'டெத் மேக்னெடிக்' (2008) வந்தபோது இதுதான் நடந்தது. அதே பாட்டுகள் 'கிட்டார் ஹீரோ' விளையாட்டில் இவ்வளவு நசுக்கப்படாமல் வந்திருந்ததை ரசிகர்களே கண்டுபிடித்தார்கள். மறுபடி மிக்ஸிங் செய்யச் சொல்லி ஆயிரக்கணக்கானோர் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சன், தன் கைக்கு வரும்போதே அது நசுக்கப்பட்டுத்தான் இருந்தது என்றார். அதனால்தான் மாஸ்டரிங் பெயரை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது, மிக்ஸிங் பெயரும் வேண்டும் என்கிறேன்.

பழையதையும் புதியதையும் ஒப்பிடும் முன் சத்த அளவைச் சமன் செய்யுங்கள். ஒரே பாட்டை ஒன்றிரண்டு டெசிபெல் கூட்டி வைத்தால் அதுதான் "நல்ல மிக்ஸிங்" என்று காது சாதிக்கும். ஸ்பாட்டிஃபை அமைப்புகளில் ஆடியோ நார்மலைசேஷனை ஆன் செய்து, அளவை 'நார்மல்' என்பதில் வையுங்கள். அப்போது எல்லாப் பாட்டும் -14 எல்யூஎஃப்எஸ் என்ற ஒரே சராசரி உரப்புக்கு வரும். 'லவுட்' வேண்டாம், அது தன் பங்குக்கு, உச்சங்களை வெட்டும் ஒரு லிமிட்டரைச் சேர்த்துவிடும். இன்றைய ஹார்ட் ராக் ஆல்பங்கள் பெரும்பாலும் -9க்கு மேலேயே மாஸ்டர் செய்யப்படுவதால், செயலி அவற்றை ஐந்தாறு டெசிபெல் இறக்கும். இறக்கிய பிறகும் டிரம்ஸ் துள்ளினால் மாஸ்டரிங் நன்றாக இருக்கிறது என்று பொருள். சோகையாகிப் போனால் முழு ஆல்பமும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ரேடியோவில் கேட்டதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நிலையங்கள் ஒலிபரப்பும்போது மேலும் ஒரு முறை நசுக்குகின்றன.

போனுக்கும் காருக்கும் ஏன் வேறுபாடு? போனின் சின்ன ஸ்பீக்கரில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக எதுவும் வராது. பாஸ் கிதாரின் தடித்த கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸ். காவடி நாளில் கூம்பு ஒலிபெருக்கியில் மேளத்தைக் கேட்பது போலத்தான்: தட்டு கேட்கும், உடம்பு கேட்காது. கார் இதற்கு நேர் எதிர். டர்பனில் பல காரும் பக்கியும் (பிக்அப் வண்டி) நம் ஊர் நடன இசையான கோமுக்காக (gqom) அடிச்சத்தத்துக்கான ஸ்பீக்கரான சப்வூஃபரைத் தூக்கி வைத்தவை. அந்த இசையில் அடிபாகத்துக்குப் போட்டியே கிடையாது, அதனால் அங்கே அது அழகு. ஹார்ட் ராக்கில் பாஸ் கிதார், கிக் டிரம், கிதாரின் அடி மூன்றும் அதே இடத்துக்கு முட்டி மோதும். சப்பைத் தூக்கினால் மூன்றும் சேற்றில் புதையும். பாஸ், ட்ரெபிள் இரண்டையும் பூஜ்யத்தில் வைத்து, சப்பைப் பாதியாகக் குறைத்து, வண்டியை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். என்2 நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது டயர் இரைச்சலே பாதி பாஸை விழுங்கிவிடும். நல்ல கம்பி ஹெட்போன் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

வெளியீட்டு இரவைப் பற்றி. 2015 ஜூலையிலிருந்து ஆல்பங்கள் உலகம் முழுக்க வெள்ளிக்கிழமையில் வருகின்றன. செயலிகளில் பெரும்பாலும் அந்தந்த நாட்டு நள்ளிரவில் திறக்கும். குழு தன் வீடியோவை "நியூயார்க் நள்ளிரவில்" என்று அறிவித்தால் நமக்கு அது காலை ஆறு மணி, அமெரிக்கக் குளிர்காலத்தில் ஏழு. ஐம்பது நிமிட ஆல்பம் 320 கேபிபிஎஸ் தரத்தில் சுமார் 120 எம்பி. தரம் குறைக்காத லாஸ்லெஸ் என்றால் அதன் மூன்று மடங்கு. நள்ளிரவில் வருவதால் மலிவான இரவு டேட்டாவிலேயே இறக்கிக்கொள்ளலாம். லோட் ஷெடிங் அட்டவணை ஓடும் காலம் என்றால் போனிலேயே இறக்கி வையுங்கள், மின்சாரம் திரும்பும் நேரத்தில் ஆம்ப்ளிஃபையரைச் சுவிட்சில் விட்டுவைக்காதீர்கள்.

இசைத்தட்டை முன்பதிவு செய்யும் எண்ணம் இருந்தால் மொத்த நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். ஒரு பக்கத்துக்கு 22 நிமிடம் வரை நன்றாக ஒலிக்கும். 55 நிமிடத்தை ஒரே தட்டில் திணித்திருந்தால் சத்தத்தைக் குறைத்துத்தான் தட்டின் பள்ளத்தை வெட்டியிருப்பார்கள், இரண்டு தட்டுப் பதிப்புக்குக் காத்திருங்கள். வெளிநாட்டுக் கடையில் வாங்கினால் விலையும் தபாலும் போக 15% வாட் வரியும் வரும். பார்சல் வந்த அன்றே எடுத்துவிடுங்கள், ஜனவரி வெயிலில் கார் சீட்டில் கிடந்தால் ஒரு மணி நேரத்தில் தட்டு வளைந்துவிடும்.