ஈஸ்டிடம் இருந்த கத்தரிக்கோல்

கேள்வி: அப்பாவுக்கு சர்க்கரைக்காக டாக்டர் சிட்டாகிளிப்டின் எழுதிக் கொடுத்திருக்கிறார். அது ஏதோ ஒரு என்சைமைத் தடுத்து, சர்க்கரையைக் குறைக்கும் ஹார்மோனைக் காப்பாற்றுகிறதாம். நல்ல ஹார்மோனை அழிக்க உடம்பே எதற்கு ஒரு என்சைமை வைத்திருக்கிறது? (ஒரு வாசகி, தஞ்சாவூர்)

பதில்: நல்ல கேள்வி, ஆனால் 'அழிக்க' என்ற சொல்தான் இடிக்கிறது. அந்த என்சைமின் பெயர் டிபிபி-4. சாப்பிட்டதும் குடலில் இருந்து ஜிஎல்பி-1 என்ற அந்த ஹார்மோன் கிளம்பிப்போய், சர்க்கரை ஏறுகிறது, இன்சுலினை விடு என்று கணையத்துக்குச் சொல்லும். 30 அமினோ அமிலங்கள் கோத்த சின்னச் சரம் அது. டிபிபி-4 அதன் முன்முனையில் இரண்டே இரண்டு மணியைக் கத்தரிக்கும், அவ்வளவுதான், மீதி 28 மணி அப்படியே இருந்தாலும் சேதி செத்துப்போகும். ரத்தத்தில் இரண்டு நிமிடத்துக்குள் பாதி காலி.

இப்போது ரொட்டி உப்ப வைக்கும் ஈஸ்டைப் பாருங்கள். ஒற்றைச் செல் உயிர்தான், ஆனால் அதிலும் ஜோடி சேர இரண்டு ரகம் உண்டு. ஆல்ஃபா ரகம் 13 அமினோ அமிலம் உள்ள ஒரு சரத்தை வெளியே விடும், அது பட்டதும் எதிர் ரகம் இதை நோக்கி மூக்கு நீட்டி வளரும். அந்தச் சரம் முதலில் தனியாக வருவதில்லை. ஒரு நீளப் புரதத்துக்குள் நான்கு பிரதி வரிசையாக இருக்கும். கெக்ஸ்-2 என்ற என்சைம் அதை வெட்டிப் பிரிக்கும், அப்புறம் ஸ்டீ-13 என்பது முன்முனையில் ஒட்டிக்கொண்டிருக்கும் உபரி மணிகளை இரண்டிரண்டாக உதிர்க்கும். உதிர்த்தால்தான் சேதி வேலை செய்யும். இந்த என்சைம் கெட்டுப்போன ஆல்ஃபா ஈஸ்டுக்கு ஜோடி சேராது, 'ஸ்டீ' என்பதே மலடு என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்துதான்.

இந்த ஸ்டீ-13-ம் உங்கள் அப்பாவின் டிபிபி-4-ம் ஒரே குடும்பம்! நம் வழியும் ஈஸ்டின் வழியும் பிரிந்து நூறு கோடி ஆண்டுக்கு மேல் ஆகிறது. ஜிஎல்பி-1 எல்லாம் முதுகெலும்புள்ள விலங்குகளோடு வந்த சரக்கு. ஆக, ஹார்மோனுக்கு முன்பே கத்தரிக்கோல் இருந்தது. முனையில் இரண்டு மணியை எடுப்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். எடுத்ததால் சேதி பிறக்கிறதா சாகிறதா என்பது சரத்தைப் பொறுத்த விஷயம். (மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், அதை டாக்டர் பார்த்துக்கொள்வார்.)

கேள்வி: துணி துவைக்கும் பவுடரில் 'என்சைம்' இருக்கிறது என்கிறார்களே, உடம்பில் இருப்பதும் அதுதானா? (ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: அதே இல்லை, தூரத்து உறவு. பவுடரில் பெரும்பாலும் போடுவது பாசில்லஸ் பாக்டீரியாவின் சப்டிலிசின் வகை. மேலே சொன்ன கெக்ஸ்-2-வின் வெட்டும் பகுதியும், நம் கணையத்தில் இன்சுலினைச் செதுக்கும் என்சைம்களும் அந்த அச்சில் வார்த்தவைதான். 1988-இல் ஈஸ்டின் கெக்ஸ்-2-வைக் குரங்குச் செல்லுக்குள் வைத்துப் பார்த்தார்கள், பாலூட்டியின் ஹார்மோன் மூலப்புரதத்தை அது சரியான இடத்திலேயே வெட்டியது. சப்டிலிசின் கண்ட இடத்தில் கடிக்கும், அதனால்தான் ரத்தக்கறை, குழம்புக்கறைக்கு ஆகிறது. நம்முடையதோ லைசின், ஆர்ஜினின் என்ற அமினோ அமிலங்கள் இரண்டு அடுத்தடுத்து நிற்கும் இடமாகப் பார்த்துதான் வெட்டும். 86 மணியுள்ள புரோஇன்சுலினில் இப்படி வெட்டி, ஓரத்தைச் சீவி, 51 மணி இன்சுலினாகும். நடுவில் கழன்று விழும் 31 மணித் துண்டுதான் லேப் ரிப்போர்ட்டில் வரும் 'சி-பெப்டைட்'.