டர்போ போய்விட்டது என்று யார் சொன்னது?

பழைய டீசல் கார்களைப் பற்றி வந்த கடிதங்களை இந்த முறை ஒன்றாக எடுத்திருக்கிறேன். நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன். கடைகள், ஒர்க்‌ஷாப்புகளின் பெயர்களை நீக்கிவிட்டேன்.

கேள்வி: 2012 மாடல் டீசல் கார். சமதளத்தில் நன்றாக ஓடுகிறது. பேச்சிப்பாறை ஏற்றத்தில் இழுவை இல்லை, கறுப்புப் புகை வருகிறது, பானெட்டுக்குள் ‘உஸ்’ என்று சத்தம் கேட்கிறது. டர்போ போய்விட்டது, 32,000 ரூபாய் ஆகும் என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா? (குலசேகரம் வாசகர்)

பதில்: பணத்தைக் கையிலேயே வைத்திருங்கள். அவர் ஏதாவது கழற்றிப் பார்த்தாரா, இல்லை புகையைப் பார்த்தே சொல்லிவிட்டாரா? நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகள் பெரும்பாலும் காற்றுக் கசிவுக்கு உரியவை.

டர்போ அழுத்தித் தரும் காற்று ஒரு ஹோஸ் வழியாக, அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும், அங்கிருந்து இன்னொரு ஹோஸ் வழியாக எஞ்சினுக்கும் போகிறது. நடுவில் ஹோஸ் கிழிந்தால் காற்று வெளியே போய்விடும். டீசல் மட்டும் வந்துகொண்டிருக்கும். காற்றுப் போதாமல் அரைகுறையாக எரிந்த டீசல்தான் அந்தக் கறுப்புப் புகை. மெதுவாக ஓட்டும்போது டர்போவுக்கு வேலை குறைவு, அதனால் குறை தெரிவதில்லை. ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதுதான் குட்டு வெளிப்படுகிறது.

ஹோஸைக் கண்ணால் பார்த்துவிட்டு ‘நன்றாகத்தான் இருக்கிறது’ என்று சொல்லக்கூடாது. எஞ்சின் ஆறியபின் கையால் மடக்கிப் பிழியவேண்டும். அடிப்பக்கத்தில், கிளாம்ப் கடிக்கும் இடத்தை ஒட்டி, விரல்நக நீளத்துக்கு ஒரு வெடிப்பு வாய் திறக்கும். அதைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கும் அதில் அப்பிய மண்ணும் இருக்கும். அப்படியும் தெரியவில்லை என்றால், எஞ்சினை நிறுத்தி, ஏர்ஃபில்டர் பக்கத்துக் குழாயை அடைத்து, கம்ப்ரசர் காற்றை 1 பார் அழுத்தத்துக்கு மிகாமல் உள்ளே விட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள். நுரை கிளம்பும் இடம்தான் ஓட்டை. எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் பக்கம் மெல்லிய சத்தம் கேட்டால் பயப்படாதீர்கள். பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் காற்று போகத்தான் செய்யும். டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டருக்குப் போகும் மெல்லிய வேக்குவம் குழாயையும் பார்க்கச் சொல்லுங்கள். வெப்பத்தில் வறண்டு விரிசல் விடும் பொருள் அது, விலையோ அற்பம்.

கேள்வி: இன்டர்கூலர் குழாயைக் கழற்றினால் உள்ளே எண்ணெய் பூசியதுபோல் இருக்கிறது. டர்போ சீல் போய்விட்டதா? (கருங்கல்)

பதில்: பூசியதுபோல் இருந்தால் இல்லை. எஞ்சினின் உள்ளழுத்தத்தை வெளியேற்றும் பிரீதர் குழாய் வழியாக எண்ணெய் ஆவி அங்கே வந்து படிவது வழக்கம்தான். சாய்த்தால் ஊற்றும் அளவுக்குத் தேங்கியிருந்தால் மறுபடியும் எழுதுங்கள். டர்போ தண்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்கும்போது சற்றே அசைவதும் இயல்புதான். முன்னும் பின்னுமாக அசைந்தாலோ, விசிறி கூட்டில் உரசிய தடம் இருந்தாலோதான் கவலைப்படவேண்டும்.

கேள்வி: நாகர்கோவிலில் பழைய கார் விற்பவரிடம் வாங்கினேன். எஞ்சின் கண்ணாடிபோல் பளபளத்தது. இரண்டே வாரத்தில் போர்டிகோ முழுக்க எண்ணெய்ச் சொட்டு. கியர்பாக்ஸை இறக்கிப் பின்பக்க ஆயில் சீல் மாற்றவேண்டும் என்கிறார்கள். (சுசீந்திரம்)

பதில்: அந்தப் பளபளப்பைப் பற்றித்தான் பல காலமாகப் புலம்பிக்கொண்டிருக்கிறேன். விற்பனைக்கு வரும் பழைய காரின் எஞ்சினை பிரஷர் வாட்டர் அடித்து, பாலிஷ் தெளித்து மினுக்கி வைப்பது சுத்தத்துக்காக அல்ல. பத்து வருடம் ஓடிய எஞ்சினில் எங்கே எண்ணெய் வியர்க்கிறது என்பதை அழுக்கு காட்டிக்கொடுத்துவிடும். அழுக்கைக் கழுவுகிறவர் சாட்சியைக் கழுவுகிறார். மண்ணும் தூசியும் சீராகப் படிந்த எஞ்சினை நான் நம்புவேன். கழுவிய எஞ்சினைக் கண்டால் ‘இப்படியே 50 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டு மறுபடி திறக்கிறேன்’ என்பேன். அதற்கு ஒப்புக்கொள்ளாத கடைக்காரரிடம் வாங்குவதற்கு ஒன்றுமில்லை. இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. மழை தூறும் ஒரு மாலையில், டியூப்லைட் வெளிச்சத்தில் மின்னிய எஞ்சினுக்கு மயங்கி நானும் ஒரு காரைக் கட்டிக்கொண்டு வந்தவன்தான். அது குடித்த எண்ணெய்க்கு ஒரு சிறு உணவகமே நடத்தியிருக்கலாம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கியர்பாக்ஸை இப்போது இறக்கவேண்டாம். எண்ணெய் மேலிருந்து கீழே வழியும். ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். மேலே வால்வு கவர் கேஸ்கெட்டில் கசிவது, எஞ்சினின் பின்பக்கமாக இறங்கி, கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் சொட்டும். பார்ப்பவருக்குப் பின்பக்க சீல் போனதுபோலவே தெரியும். கேஸ்கெட் மாற்றுவது அரைநாள் வேலைகூட இல்லை. சீல் மாற்ற கியர்பாக்ஸே இறங்கவேண்டும். எனவே நீங்களே ஒருமுறை துடைத்துச் சுத்தம் செய்து, ஓட்டிவிட்டு, டார்ச் அடித்து மேலிருந்து கீழே பாருங்கள். ஈரம் தொடங்கும் மிக உயரமான இடம்தான் கசிவு. அதற்கும் முன்னால் பிரீதர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அது அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீல் வழியாகக்கூட எண்ணெயைத் தள்ளும்.

விற்றவர் பில் தந்தாரா? தரவில்லை என்றால் கேளுங்கள். பில் தராமல் இருப்பதே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை.

கேள்வி: எண்ணெய்க் கசிவை நிறுத்தும் மருந்து என்று ஒரு டப்பா விற்கிறார்களே, ஊற்றலாமா? (இரணியல்)

பதில்: வேண்டாம்.

கேள்வி: ஆன்லைனில் மலிவாகக் கிடைத்த சிலிக்கான் ஹோஸ் போட்டேன். மூன்று மாதத்தில் ஊறி உப்பிக் கழன்றுவிட்டது. (மார்த்தாண்டம்)

பதில்: விலையைப் படித்தீர்கள், விவரத்தைப் படிக்கவில்லை. உள்பூச்சு இல்லாத சிலிக்கான் எண்ணெயைக் குடிக்கும். எண்ணெய் ஆவி போகும் வழிக்கு அதற்கென்று உள்பூச்சு கொடுத்த ஹோஸ் வேண்டும். இல்லாவிட்டால் கம்பெனி ரப்பரே போதும்.

கேள்வி: கேரளப் பதிவு டீசல் கார் ஒன்றைக் களியக்காவிளையில் முழுப் பணமும் கொடுத்து வாங்கினேன். ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை. ‘டீசல் வண்டி என்றால் அப்படித்தான்’ என்கிறார் விற்றவர். பதிவை மாற்றத் தேவையான தடையில்லாச் சான்றான என்.ஓ.சி.யும் இன்னும் தரவில்லை. (குளச்சல்)

பதில்: டீசல் வண்டி அப்படியெல்லாம் இல்லை. நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. அது டர்போ வழியாகவா, வால்வு சீல் வழியாகவா, பிஸ்டன் ரிங் வழியாகவா என்று பிறகு பார்க்கலாம். காலையில் ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து பார்க்காமல், என்.ஓ.சி. இல்லாமல் மார்த்தாண்டம் ஆர்.டி.ஓ.வில் டி.என். 75 எண்ணுக்கு மாற்ற முடியாது என்பதையும் விசாரிக்காமல், முழுப் பணத்தையும் கொடுத்த உங்களுக்கு நான் என்ன சொல்ல? முதலில் என்.ஓ.சி.யை எழுத்தில் கேளுங்கள். புகை காத்திருக்கும்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. ‘புது டர்போ’ என்று 27,000 ரூபாய் வாங்கினார்கள். பழையதைத் திருப்பித் தரவில்லை. பில்லில் ‘டர்போ வேலை’ என்று மட்டும் இருக்கிறது. இரண்டு மாதத்தில் மறுபடியும் எண்ணெய் ஒழுகுகிறது. கேட்டால் ‘நீங்கள் ஓட்டும் விதம் சரியில்லை’ என்கிறார்கள். (தக்கலை)

பதில்: அம்மா, உங்கள் ஓட்டத்தில் குறை இல்லை. டர்போவுக்குப் போன எண்ணெய், புவியீர்ப்பில்தான் கீழே இறங்கி எஞ்சினுக்குத் திரும்புகிறது. அந்தத் திரும்பும் குழாய் அடைத்திருந்தாலோ, பிரீதர் அடைத்திருந்தாலோ, எந்தப் புது டர்போவும் சீல் வழியாக ஒழுகும். இவற்றைப் பார்க்காமல் டர்போவை மட்டும் மாற்றியிருந்தால் அது அவர்கள் வேலையில் உள்ள குறை. போட்டது புதிதுதானா என்பது அடுத்த கேள்வி. அதன் தகட்டில் உள்ள எண்ணைப் படம் எடுத்துவையுங்கள்.

வேறொரு ஒர்க்‌ஷாப்பில் காட்டி, காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். அதை இணைத்துப் பழைய இடத்துக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அடுத்தது நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போனால் போதும். மனு எழுதத் தயக்கமாக இருந்தால் பில்லின் நகலை எனக்கு அனுப்புங்கள், சேர்ந்தே எழுதுவோம்.

கேள்வி: சாவியை எடுத்தபின்னும் எஞ்சின் தானாக உறுமியபடி வேகம் ஏறிக்கொண்டே போனது என்று நண்பர் சொன்னார். கதையா? (அருமனை)

பதில்: கதை இல்லை. டர்போ சீல் முழுக்கப் போனால் டீசல் எஞ்சின் தன் எண்ணெயையே எரித்து ஓடும், சாவிக்குக் கட்டுப்படாது. கையால் கியர் மாற்றும் வண்டி என்றால், பிரேக்கை இறுக்கி மிதித்து, உயர்ந்த கியரைப் போட்டு, கிளட்சைச் சட்டென விடுங்கள். எஞ்சின் திணறி நின்றுவிடும். முடியாவிட்டால் பானெட்டைத் திறக்கப் போகாமல் எல்லோரும் இறங்கித் தள்ளி நில்லுங்கள். நின்றபின் மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்காமல் கட்டி இழுத்துக்கொண்டு போங்கள்.