கார்போவின் ‘மாத்தா ஹாரி’ (1931): கேள்வி பதில்

ஹாலிவுட் நிறுவனமான எம்.ஜி.எம். 1931 டிசம்பரில் வெளியிட்ட படம். இயக்கம் ஜார்ஜ் ஃபிட்ஸ்மாரிஸ், ஒளிப்பதிவு வில்லியம் டேனியல்ஸ், உடைகள் ஏட்ரியன். முதல் உலகப் போர்க்கால பாரிஸில் ஜெர்மனிக்கு உளவு பார்க்கும் நடனக்காரியாக கிரேட்டா கார்போ. அவளிடம் மனதைப் பறிகொடுக்கும் ரஷ்ய விமானி ரொசனாஃபாக ரமோன் நோவாரோ.

கேள்வி: இதுவரை பார்த்ததில்லை. தவறவிடக் கூடாத காட்சி எது?

பதில்: விளக்குக் காட்சி. ரொசனாஃபின் அறையில் கன்னி மரியாளின் திருவுருவத்துக்கு முன்னால் ஒரு சிறு விளக்கு எரிகிறது. அதை அணையவிடுவதில்லை என்று தாய்க்கு வாக்குக் கொடுத்திருக்கிறான். அவளோ அதை அணைக்கச் சொல்கிறாள். முதலில் மறுக்கிறான், கெஞ்சுகிறான், கடைசியில் அணைக்கிறான். அந்த இரவில்தான் அவன் ரஷ்யாவுக்குக் கொண்டுபோகவேண்டிய ரகசியக் கடிதங்களை அவளுடைய கூட்டாளிகள் எடுத்துப் படம் பிடித்துத் திரும்ப வைக்கிறார்கள்.

கார்போ இங்கே குரலை உயர்த்துவதே இல்லை. விளக்கு அணைவதற்கு முன்னும் பின்னும் அவர் முகத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். வேலை முடிந்த திருப்தியும், இவனிடம் இதைச் செய்தோமே என்ற கலக்கமும் ஒரே முகத்தில் இருக்கும். மௌனப் படக் காலத்திலிருந்தே அவரைப் படம் பிடித்து வந்தவர் டேனியல்ஸ். எந்த வெளிச்சத்தில் அந்தக் கண்கள் பேசும் என்பது அவருக்கு அத்துப்படி.

கேள்வி: டிவியில் போட்டால் இரு பக்கமும் கறுப்புப் பட்டை வருகிறது. திரை முழுக்கப் பரப்பிப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தக் காலச் சட்டகம் சதுரத்துக்கு நெருக்கமானது. ‘ஸூம்’ வைத்தால் மேலும் கீழும் வெட்டுப்பட்டு, ஏட்ரியனின் தலையணிகள் பாதியில் நிற்கும். இழுத்து அகலமாக்கினால் முகம் உப்பிவிடும். பட அளவை 4:3-இல் வையுங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதியையும் கூர்மை கூட்டும் வசதியையும் அணைத்துவிடுங்கள். நெருக்கக் காட்சிகளில் வேண்டுமென்றேதான் மென்மை வைத்திருக்கிறார்கள். கூர்மையை ஏற்றினால் அது போய், படச்சுருளின் துகள்கள் மட்டும்தான் துருத்திக்கொண்டு தெரியும். அறை விளக்கைக் குறைத்துவிட்டுப் பாருங்கள், இருட்டுக் காட்சிகள் நிறைய உண்டு.

கேள்வி: நடனக் காட்சி சட்டென்று முடிந்துவிடுகிறதே, பிரதியில் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை, கத்தரி. ஹாலிவுட்டின் ஒழுக்க விதிகள் 1930-லேயே எழுதப்பட்டாலும், 1934 ஜூலையிலிருந்துதான் கறாராக அமலுக்கு வந்தன. இந்தப் படம் அதற்கு முந்தியது. பிறகு மறுவெளியீட்டுக்காக நடனத்தின் கடைசிப் பகுதியிலும் காதல் காட்சிகளிலும் கை வைத்தார்கள். பரவலாகக் கிடைப்பது அந்த வெட்டுப்பட்ட வடிவம்தான்.

கேள்வி: தான் யாழ்ப்பாணத்தில் பிறந்ததாக நிஜ மாத்தா ஹாரி சொன்னவவாம். உண்மையோ?

பதில்: சொன்னது உண்மை, பிறந்தது பொய். “மலபார் கரையில் ஜாஃப்னாபட்டம் என்ற புனித நகரில்” பிறந்ததாகவும், தாய் “கந்த சுவானி” கோயிலின் தலைமை ஆடல்மகள் என்றும், தன்னைப் பெற்ற அன்றே 14 வயதில் இறந்துபோனதாகவும் கதை கட்டினார். யாழ்ப்பாணத்தை மலபாரில் கொண்டுபோய் வைத்ததும், கந்தசுவாமியை இப்படிச் சிதைத்ததும் நமக்கு உடனே உறுத்தும். பாரிஸில் யாருக்கும் உறுத்தவில்லை.

நிஜப் பெயர் மார்கரெத்தா ஸெல்லே. 1876 ஆகஸ்ட் 7 அன்று நெதர்லாந்தின் லேவார்டன் நகரில் ஒரு தொப்பி வியாபாரிக்கு மகளாகப் பிறந்தவர். டச்சு ராணுவ அதிகாரி ருடால்ஃப் மக்லியோடை மணந்து சில ஆண்டுகள் ஜாவாவில் இருந்தார். 1905 மார்ச் 13 அன்று பாரிஸ் கிமே அருங்காட்சியக நூலகத்தைக் கோயில் மாதிரி அலங்கரித்து ஆடியபோதுதான் புகழ் வந்தது.

படத்தில் கார்போ ஒரு சிவன் சிலைக்கு முன்னால் ஆடுவது இந்தக் கட்டுக்கதையின் தொடர்ச்சிதான். பரதத்தின் அடவையோ ஜாவா ஆட்டத்தின் நளினத்தையோ அதில் தேடினால் கிடைக்காது. கார்போ நடனக்காரரும் அல்லர். உடையும் நிழலும் மெல்லிய அசைவும் சேர்ந்த ஒரு தோற்றம் அது. ஆனால் 1905-இல் பாரிஸ் நம்பிய பொய் எப்படிப்பட்டது என்பதற்கு நல்ல சாட்சி.

கேள்வி: மலாயில் மாத்தாஹாரி என்றால் சூரியன். பெயர் அங்கிருந்து வந்ததுதானே?

பதில்: ஆமாம். ‘பகலின் கண்’ என்பது சொல்லுக்குச் சொல் பொருள். ஜாவா நாட்களில் காதில் விழுந்த சொல்லையே மேடைப் பெயராக வைத்துக்கொண்டார்.

கேள்வி: ரொசனாஃப் நிஜமாக இருந்தவரா?

பதில்: அந்தப் பெயரில் யாரும் இல்லை. வாதிம் மாஸ்லோவ் என்ற இளம் ரஷ்ய அதிகாரியின் சாயல் உண்டு. அவர் விமானி அல்லர். போரில் காயம்பட்டு ஒரு கண்ணின் பார்வை பாதிக்கப்பட்டவர். படம் அதை முழுக் குருடாக்கியது. அதனால்தான் சிறைக்கு வரும் ரொசனாஃப் அதை மருத்துவமனை என்று நம்புகிறான், அவளும் அறுவைச் சிகிச்சைக்குப் போவதாகச் சொல்லி விடைபெறுகிறாள். கண்ணீர் வரவழைக்கத் திட்டமிட்ட ஏற்பாடுதான். என்றாலும் கார்போ அதை மிகையின்றித் தாங்கிவிடுகிறார்.

கேள்வி: படத்தில் வருவதுபோல அவர் உண்மையிலேயே பெரிய உளவாளியா?

பதில்: படம் இங்கே அவருக்கு அநியாயம் செய்கிறது என்பேன். 1916-இல் ஜெர்மன் தூதரக அதிகாரி ஒருவரிடம் 20,000 ஃபிராங்க் வாங்கினார், எச்-21 என்ற குறிப்பெண்ணும் பெற்றார். பறிமுதலான தன் உடைமைகளுக்கு ஈடாகத்தான் அதை எடுத்துக்கொண்டேன் என்பது அவர் வாதம். அதே ஆண்டு பிரெஞ்சு எதிர்உளவுத் தலைவர் லதூவும் அவரை வேலைக்குப் பிடித்தார். மாட்ரிட்டிலிருந்து ஜெர்மன் ராணுவ அதிகாரி கல்லே அனுப்பிய தந்திகளில் எச்-21 பற்றிய விவரம் வர, பிரெஞ்சுக்காரர்கள் அதை இடைமறித்துப் படித்தார்கள். 1917 பிப்ரவரி 13 அன்று கைது, ஜூலையில் மூடிய கதவுக்குள் ராணுவ விசாரணை. எந்தப் போர் ரகசியத்தைக் கொடுத்தார், அதனால் எந்தப் படை அழிந்தது என்று குறிப்பாக எதுவும் நிரூபிக்கப்படவில்லை. படமோ ஆவணம் திருடுபவளாக, ஷூபின் என்ற ரஷ்ய ஜெனரலைச் சுட்டுக் கொல்பவளாக அவளைக் காட்டிவிட்டது. ஷூபின் (லயனல் பேரிமோர்) கொலை முழுக்கக் கற்பனை.

கேள்வி: அதே 1931-இல் மார்லின் டீட்ரிக் நடித்த உளவாளிப் படத்தையும் இதையும் ஒப்பிட்டால்?

பதில்: ஜோசப் வான் ஸ்டெர்ன்பெர்க் பாரமவுண்டுக்காக எடுத்த ‘டிஸ்ஹானர்ட்’டைச் சொல்கிறீர்கள். படமாகப் பார்த்தால் அதுதான் மேல். அதில் நாயகி வியன்னாக்காரி, உளவுக் குறிப்பெண் எக்ஸ்-27. ரகசியத்தை இசைக் குறிப்பாக எழுதிப் பியானோவில் வாசிக்கிறாள். சுடப்படுவதற்குச் சற்று முன் இளம் அதிகாரி ஒருவனின் வாளையே கண்ணாடியாக்கி முகத்திரையைச் சரிசெய்கிறாள். அப்படி ஒரு கற்பனை ஃபிட்ஸ்மாரிஸிடம் இல்லை. முதலில் கார்போ படத்தைப் பாருங்கள், மறுநாள் அதைப் பாருங்கள். மாற்றிப் பார்த்தால் கார்போ படம் மந்தமாகத் தெரியும். டீட்ரிக் படம், கிரைட்டீரியன் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட ஆறு படப் புளூ-ரே தொகுப்பில் இருக்கிறது.

கேள்வி: கார்போ படத்தின் கடைசியில் சுடுவதைக் காட்டவே இல்லையே?

பதில்: காட்டாததுதான் சரி. படத்தின் தொடக்கத்திலேயே துப்பாக்கிப் படை துரோகிகளைச் சுடுவதைப் பார்த்துவிட்டோம். என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்த பிறகு, வீரர்களோடு அவள் நடந்துபோவதே போதும். நிஜத்தில் அது 1917 அக்டோபர் 15 அதிகாலை, பாரிஸுக்கு வெளியே வான்சேன். எதிரே 12 வீரர்கள். கண்ணைக் கட்ட வேண்டாம் என்று மறுத்துவிட்டார். வயது 41.